காமாலை காட்டிய மருந்து
முடக்குவாதத்தை எதிர்த்துப் போராடிய டாக்டர் ஹென்ச்

1948-ம் ஆண்டு செப்டம்பர் 21-ந் தேதி. அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்தைச் சேர்ந்த ரோச்செஸ்டர் நகரம். அங்கே ஓர் ஆஸ்பத்திரிக் கட்டிலில் 29 வயதுப் பெண் ஒருத்தி படுத்திருந்தாள். பல ஆண்டுகளாக முடக்குவாதம் அவளை வாட்டி வந்தது. கை விரல், மணிக்கட்டு, முழங்கால் எல்லாம் வீங்கியிருந்தன. புரண்டு படுப்பதே பெரும்பாடு. ஏதாவது ஒரு வழி பிறக்காமல் வீட்டுக்குத் திரும்புவதில்லை என்று பிடிவாதமாக அந்த ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டாள்.

அன்று அவளுக்கு ஓர் ஊசி போட்டார்கள். அதுவரை உலகில் எந்த முடக்குவாத நோயாளிக்கும் போட்டிராத மருந்து அது.

இரண்டு மூன்று நாட்களில் மூட்டுகளின் விறைப்பு தளர்ந்தது. வலி குறைந்தது. ஒரு வாரம் சென்றது. கட்டிலை விட்டு இறங்கவே அஞ்சிய அந்தப் பெண் கடைவீதிக்குப் புறப்பட்டுப் போனாள்! மூன்று மணி நேரம் கடை கடையாக ஏறி இறங்கிவிட்டுத் திரும்பி வந்தாள்.

அந்த மருந்துதான் பின்னால் கார்ட்டிசோன் என்று உலகப் புகழ் பெற்றது. அதை முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்துப் பார்க்கலாம் என்று கண்டவர் டாக்டர் பிலிப் ஷோவால்ட்டர் ஹென்ச். ஒரே நாளில் பளிச்சென்று தோன்றிய யோசனை அல்ல அது. அந்த ஊசிக்குப் பின்னால் 19 ஆண்டு உழைப்பு இருந்தது. அந்த ஊசிக்குப் பின்பு நடந்தவையோ அதைவிடப் பெரிய பாடம்.

பிறவிக் குறை

ஹென்ச் 1896-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பிட்ஸ்பர்க் நகரில் பிறந்தார். பிறக்கும்போதே அவருக்கு வாயின் மேல் அண்ணம் பிளவுபட்டிருந்தது. ஆகவே பேச்சு தெளிவாக வராது. வேறு யாராக இருந்தாலும் நாலு பேர் முன்னால் வாய் திறக்கக் கூச்சப்பட்டு ஒதுங்கியிருப்பார்கள். ஹென்ச் ஒதுங்கவில்லை. படித்தார், பேசினார், பிற்காலத்தில் உலக டாக்டர்களின் மாநாடுகளிலேயே சொற்பொழிவு செய்தார்.

1920-ல் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு ரோச்செஸ்டரில் உள்ள மேயோ கிளினிக்கில் சேர்ந்தார். 1926-ல் அங்கே மூட்டு நோய்களுக்கென்று தனிப் பிரிவு ஏற்பட்டபோது அவரே அதன் தலைவர் ஆனார். அப்பொழுது அவருக்கு வயது 30. மறு ஆண்டு மேரி கேலர் என்ற பெண்ணை மணந்தார். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகளும் இரண்டு பெண்களும் பிறந்தனர்.

மூட்டு நோய்ப் பிரிவு என்றால் அந்தக் காலத்தில் டாக்டர்கள் ஆசைப்பட்டுப் போகிற இடம் அல்ல. காரணம், அங்கே வருகிற நோயாளி குணமடைந்து போவது அபூர்வம்.

தன் வீட்டையே தாக்கும் படை

முடக்குவாதத்தைச் சிலர் வயதானவர்களுக்கு வரும் மூட்டுத் தேய்மானம் என்று நினைக்கிறார்கள். அது தவறு. இரண்டும் வேறு. முடக்குவாதம் நடு வயதிலேயே வரும், இளம் வயதிலும் வரும். ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் பற்றும்.

நமது உடலில் கிருமிகளை எதிர்க்கும் காவல் படை ஒன்று இருக்கிறது. முடக்குவாதத்தில் அந்தப் படை எதிரி யார், சொந்தக்காரன் யார் என்று தெரியாமல், மூட்டுகளின் உட்சவ்வையே தாக்குகிறது. சவ்வு சிவந்து வீங்குகிறது. பிறகு குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படுகின்றன. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியாது. நாளடைவில் விரல்கள் கோணிப் போகும்.

1920-களில் இதற்கு என்ன வைத்தியம்? ஓய்வு, வெந்நீர் ஒத்தடம், ஆஸ்பிரின் மாத்திரை. சொத்தைப் பற்களிலிருந்து கிருமி பரவுகிறது என்று எண்ணிப் பல்லைப் பிடுங்கியவர்களும் உண்டு! நோய் வந்தால் வந்ததுதான், திரும்பிப் போகாது என்பதே பெரும்பாலான டாக்டர்களின் முடிவாக இருந்தது.

மஞ்சள் பூத்த நோயாளி

1929-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி. ஹென்ச்சிடம் 65 வயது நோயாளி ஒருவர் வந்திருந்தார். அவரும் ஒரு டாக்டர்தான். முடக்குவாதத்தால் நெடுநாள் கஷ்டப்பட்டவர். அவர் ஒரு விசித்திரமான செய்தி சொன்னார். தமக்குக் காமாலை வந்ததாகவும், உடம்பு மஞ்சளானதும் மூட்டு வலி மளமளவென்று குறைந்துவிட்டதாகவும் கூறினார். காமாலை மறைந்தது. ஆனால் அதன் பிறகும் பல மாதங்கள் வலி தலைகாட்டவில்லை.

வேறு டாக்டராக இருந்தால், தற்செயல் என்று ஒரு சிரிப்புடன் விட்டிருப்பார். ஹென்ச் குறித்து வைத்துக்கொண்டார். அதுபோல் வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா என்று தேடினார். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து என்று நோயாளிகள் கிடைத்தார்கள். 1938-ம் ஆண்டுக்குள் எண்ணிக்கை 30-ஐத் தாண்டிவிட்டது.

அதோடு இன்னொன்றும் தெரிந்தது. முடக்குவாதம் உள்ள பெண்கள் கருவுற்றால், அவர்களில் பலருக்குப் பிரசவம் வரையில் வலி குறைகிறது! பிரசவத்துக்குப் பிறகு மறுபடி வந்துவிடுகிறது.

ஹென்ச்சுக்குத் துப்பறியும் கதைகள் என்றால் உயிர். ஷெர்லக் ஹோம்ஸ் புத்தகங்களைத் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். நோயின் விஷயத்திலும் அவர் துப்பறிவாளராகவே மாறினார்.

காமாலைக்கும் கர்ப்பத்துக்கும் என்ன சம்பந்தம்? கர்ப்பிணியின் உடம்பில் மஞ்சள் இல்லை. ஆகவே வலியைக் குறைப்பது காமாலையின் மஞ்சள் நிறப் பொருள் அல்ல. காமாலை வந்த ஆணின் உடம்பில் கர்ப்பத்துக்கு உரிய சுரப்பு நீர் இல்லை. ஆகவே அதுவும் அல்ல. அப்படியானால் இரண்டு நிலையிலும் பொதுவாக உடலில் பெருகுகிற ஏதோ ஒரு பொருள் இருக்க வேண்டும். அதற்கு அவர் எக்ஸ் என்று பெயரிட்டார். நோய் தீராதது அல்ல, அதைத் தணிக்கும் மருந்தை உடலே தயாரிக்கிறது என்பது அவருடைய துணிவான முடிவு.

எக்ஸைத் தேடி அவர் செய்யாத சோதனை இல்லை. நோயாளிகளுக்குப் பித்த உப்பைக் கொடுத்துப் பார்த்தார். காமாலைக்காரர்களின் ரத்தத்தைச் செலுத்திப் பார்த்தார். காமாலையை வரவழைக்கும் மருந்தைக்கூடக் கொடுத்துப் பார்த்தார். எதுவும் கைகொடுக்கவில்லை.

பக்கத்திலேயே இருந்த விடை

அதே மேயோ கிளினிக்கில் எட்வர்ட் கெண்டல் என்ற ரசாயன நிபுணர் வேலை செய்துவந்தார். ஹென்ச்சைவிடப் பத்து வயது மூத்தவர். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியை அவர் ஆராய்ந்தார். மாட்டின் சுரப்பிகளை டன் கணக்கில் அரைத்துப் பிழிந்து, அவற்றிலிருந்து சில பொருள்களைத் துளித் துளியாகப் பிரித்தெடுத்தார். அவற்றுக்கு ஏ, பி, ஈ, எஃப் என்று எழுத்துகளையே பெயராக வைத்தார். சுவிட்சர்லாந்தில் ரைக்ஸ்டைன் என்ற விஞ்ஞானியும் தனியே இதே ஆராய்ச்சியைச் செய்துகொண்டிருந்தார்.

உடலுக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் அட்ரீனல் சுரப்பி அதிகம் வேலை செய்கிறது. எனவே, எக்ஸ் என்பது அங்கிருந்து வரும் பொருளாக இருக்குமோ என்று ஹென்ச் ஐயுற்றார். 1941-ம் ஆண்டு ஜனவரியில் இருவரும் பேசி முடிவு செய்தனர். போதிய அளவு கிடைத்ததும் ஈ என்ற பொருளை முடக்குவாத நோயாளிக்குக் கொடுத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். ஹென்ச் அதைத் தம் சட்டைப்பைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதி வைத்துக்கொண்டார்.

அந்தக் குறிப்பு ஏழு ஆண்டுகள் காத்திருந்தது. இடையில் உலக யுத்தம் வந்தது. ஹென்ச் ராணுவ டாக்டராகப் போனார். யுத்தத்தினால் ஒரு நன்மையும் விளைந்தது. ஜெர்மானிய விமானிகள் அட்ரீனல் சாற்றைப் போட்டுக்கொண்டு மிக உயரத்தில் பறக்கிறார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. வதந்தி பொய்தான். ஆனால் அதைக் கேட்ட அமெரிக்க அரசாங்கம் அட்ரீனல் ஆராய்ச்சிக்குப் பணத்தை அள்ளிக் கொடுத்தது.

1944-ல் மெர்க் கம்பெனியைச் சேர்ந்த லூயிஸ் சாரெட் என்ற இளம் ரசாயன நிபுணர், ஈ பொருளைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார். முப்பதுக்கும் மேற்பட்ட படிகள் கொண்ட கடினமான வேலை அது. அவர் அதை எதிலிருந்து தயாரித்தார் தெரியுமா? மாட்டின் பித்தநீரிலிருந்து! காமாலையைக் கண்டு பித்தநீரில் தேடி, அங்கே இல்லை என்று ஹென்ச் விட்டுவந்த மருந்து, கடைசியில் பித்தநீரிலிருந்தே தயாராகிக் கிடைத்தது.

எழுந்து நின்ற டாக்டர்கள்

1948 செப்டம்பரில் ஹென்ச் மெர்க் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். சிறிதளவு மருந்து வந்தது. அதைத்தான் அந்த 29 வயதுப் பெண்ணுக்குப் போட்டார்கள்.

ஹென்ச்சும் அவருடைய சகாக்களான ஸ்லோகம்ப், பாலி ஆகிய டாக்டர்களும் உடனே ஊரைக் கூட்டவில்லை. மாதக் கணக்கில் வாயை மூடிக்கொண்டு 14 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். சிகிச்சைக்கு முன்னும் பின்னும் அவர்கள் நடப்பதைச் சினிமாப் படமாக எடுத்தனர்.

1949 ஏப்ரலில் மேயோ கிளினிக் டாக்டர்கள் முன் அந்தப் படத்தைக் காட்டினார்கள். நாற்காலியிலிருந்து எழ முடியாமல் தவித்த நோயாளிகள் அடுத்த காட்சியில் படியேறி இறங்கினார்கள். பார்த்த டாக்டர்கள் கைதட்டினர். ஹென்ச் பேச வந்தபோது சபையே எழுந்து நின்றது.

அதன் பிறகு மருந்துக்குக் கார்ட்டிசோன் என்று பெயர் சூட்டினார்கள். ஈ என்றால் வைட்டமின் ஈ என்று ஜனங்கள் குழம்பிப் போவார்கள் என்பதே புதுப் பெயருக்குக் காரணம். உலகெங்கும் பத்திரிகைகள் அதை அதிசய மருந்து என்று எழுதின. ஆனால் மருந்து சொற்பம். ஒரு கிராம் 200 டாலர் விற்றது.

1950-ல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவருக்கும் வைத்தியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. முதல் ஊசி போட்டு இரண்டே ஆண்டுகளில் நோபல் பரிசு! இது எளிதில் நடக்கக்கூடியது அல்ல.

நிலா முகம்

ஹென்ச் முதல் அறிக்கையிலேயே எச்சரித்திருந்தார். இது ஆராய்ச்சியே தவிர, முடிந்த சிகிச்சை அல்ல என்று கூறியிருந்தார். குணப்படுத்தும் மருந்து என்று அவர் சொல்லவே இல்லை. ஆனால் அதிசயத்துக்குக் காத்திருந்த உலகம் அதைக் காதில் வாங்கவில்லை.

உண்மை விரைவில் வெளிப்பட்டது. ஊசியை நிறுத்தினால் சில நாட்களில் நோய் திரும்பி வந்தது. நிறுத்தாமல் தொடர்ந்தால் வேறு தொல்லைகள் தோன்றின. முகம் பௌர்ணமி நிலா போல் ஊதிற்று. தூக்கம் போயிற்று. சிலருக்குப் புத்தி தடுமாறியது. சிலருக்கு நீரிழிவு வந்தது. சிலருக்கு எலும்பு மெலிந்து முறிந்தது. காவல் படையை அடக்குகிற மருந்து என்பதால், சாதாரணக் கிருமிகளும் துணிந்து உள்ளே புகுந்தன. இன்னோர் ஆபத்தும் இருந்தது. வெளியிலிருந்து மருந்து வந்துகொண்டே இருந்தால் சொந்த அட்ரீனல் சுரப்பி வேலையை மறந்து தூங்கிவிடும். அப்போது மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

இந்தக் கேடுகளை ஹென்ச்சும் அவருடைய குழுவினரும் மறைக்கவில்லை. தாங்களே எழுதி வெளியிட்டார்கள். நோபல் பரிசு வாங்கிய மருந்தின் குறைகளை அதைக் கொண்டுவந்தவர்களே எடுத்துச் சொன்னது அவர்களுடைய பெருமை.

ஆஸ்பிரினோடு போட்டி

கார்ட்டிசோன் வலியைக் குறைக்கிறது, சரி. ஆனால் ஏற்கெனவே கடையில் காசுக்கு விற்கிற ஆஸ்பிரினைவிட அது எவ்வளவு மேல்? இந்தக் கேள்வியைப் பிரிட்டனில் உள்ள டாக்டர்கள் எழுப்பினார்கள்.

கேள்வி நியாயமானது. முடக்குவாதம் ஏறும், இறங்கும். எந்த மருந்தும் இல்லாமலேயே சிலருக்குச் சில மாதம் தணிந்திருக்கும். அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கிடைத்துவிடும். ஆகவே ஒரு மருந்து நல்லதா என்று அறிய, இன்னொரு மருந்தோடு ஒப்பிட்டால்தான் முடியும்.

பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் நஃபீல்டு நிதியமும் சேர்ந்து ஒரு குழு அமைத்தன. நோய் தொடங்கிச் சில மாதங்களே ஆன 61 நோயாளிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். யாருக்கு எந்த மருந்து என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடவில்லை. குலுக்கல் முறைப்படி பிரித்தனர். 30 பேருக்குக் கார்ட்டிசோன், 31 பேருக்கு ஆஸ்பிரின். கைப்பிடியின் பலத்தை அளந்தார்கள். மூட்டை அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்த்தார்கள். விரல்களின் சுறுசுறுப்பைச் சோதித்தார்கள். ரத்தத்தையும் பரிசோதித்தார்கள்.

1954-ல் முடிவு வெளியாயிற்று. ஓராண்டுக்குப் பிறகு இரண்டு கூட்டத்துக்கும் இடையே சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை! நோபல் பரிசு பெற்ற மருந்தும், அரை நூற்றாண்டுப் பழைய ஆஸ்பிரினும் ஏறக்குறைய சமமாக நின்றன. இரண்டாண்டுக்குப் பிறகு பார்த்தபோதும் அதே நிலைதான்.

இதே கவுன்சில் குலுக்கல் முறைச் சோதனைக்குப் பேர்போனது. 1956-ல் சென்னையில் தொடங்கிய புகழ்பெற்ற காசநோய் ஆராய்ச்சியிலும் அதற்குப் பங்கு உண்டு. வீட்டில் இருந்தபடி மருந்து சாப்பிட்டாலும் ஆஸ்பத்திரியில் படுத்துச் சாப்பிட்டதற்குச் சமமான பலன் கிடைக்கும் என்று 1959-ல் உலகத்துக்குக் காட்டியது அந்தச் சென்னை ஆராய்ச்சிதான்.

அப்படியானால் கார்ட்டிசோன் தோற்றுவிட்டதா? அதுவும் இல்லை. 1950-களின் நடுவில் அதன் வழியில் பிரெட்னிசோலோன் என்ற மருந்து வந்தது. அதையும் ஆஸ்பிரினோடு ஒப்பிட்டார்கள். இம்முறை எலும்புகளை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தனர். பிரெட்னிசோலோன் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு அரிப்பு குறைவாக இருந்தது. வலியைத் தணிப்பது வேறு, மூட்டைக் காப்பது வேறு என்பது அப்போது தெளிவாயிற்று. ஆஸ்பிரின் வலியைத் தணித்தது, மூட்டைக் காக்கவில்லை.

ஜமைக்காவில் முடிவு

ஹென்ச் 1957-ல் மேயோ கிளினிக்கிலிருந்து ஓய்வு பெற்றார். ஓய்விலும் துப்பறிவதை விடவில்லை. 1900-ம் ஆண்டில் கியூபா தீவில் வால்டர் ரீட் என்ற ராணுவ டாக்டர், மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது என்று நிரூபித்தார். அந்தச் சோதனையில் உயிரைப் பணயம் வைத்தவர்களின் கதையை ஹென்ச் பல ஆண்டுகளாகத் திரட்டிவந்தார். கடிதங்களையும் படங்களையும் சேகரித்தார். சோதனை நடந்த இடத்தையே தேடிக் கண்டுபிடித்தார். அவர் சேர்த்தவை இன்று வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கின்றன.

1965-ம் ஆண்டு மார்ச் 30-ந் தேதி, ஓய்வுக்காக ஜமைக்கா தீவுக்குப் போயிருந்த இடத்தில் நிமோனியா கண்டு ஹென்ச் காலமானார். அப்போது அவருக்கு வயது 69.

இன்று என்ன நிலை?

ஹென்ச்சுக்குப் பின்பு வலி மருந்துகள் எத்தனையோ வந்தன. 1960-களில் இண்டோமெத்தசினும் இபுப்ரோபெனும் வந்தன. வயிற்றைப் புண்ணாக்காது என்று சொல்லி 1999-ல் ரோஃபெகாக்ஸிப் வந்தது. அது மாரடைப்பை அதிகமாக்குகிறது என்று கண்டு 2004-ல் திரும்பப் பெறப்பட்டது. அதையும் காட்டிக் கொடுத்தது ஒப்பீட்டுச் சோதனைதான்.

இந்த வலி மருந்துகள் எல்லாம் வலியையும் வீக்கத்தையும் குறைக்கும். மூட்டு அரிப்பைத் தடுக்க மாட்டா. அதற்கு மெதோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகளை டாக்டர்கள் நோய் தெரிந்தவுடனேயே தொடங்குகிறார்கள். அவை பலன் காட்டச் சில வாரங்கள் ஆகும். அதுவரை நோயாளி வலியில் துடிக்காமல் இருக்க, கார்ட்டிசோன் இனத்தைச் சேர்ந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைந்த அளவில், குறுகிய காலத்துக்குக் கொடுக்கிறார்கள். ஆற்றைக் கடக்கும் வரை பரிசல், கரை ஏறியதும் இறங்கிவிட வேண்டும் என்பதே இன்றைய முறை.

இதை ஒவ்வொரு முடக்குவாத நோயாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரே வாரத்தில் வலி பறந்தது என்று யாராவது ஒரு பெயர் தெரியாத பொடியைக் கொடுத்தால், அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறதோ என்று சந்தேகிக்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டவர்கள் பயந்துபோய்த் திடீரென்று நிறுத்தவும் கூடாது. டாக்டர் சொற்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

கட்டிலில் கிடந்தவர்களை ஹென்ச் எழுந்து நடக்க வைத்தார். நோயாளி சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டதால் அது அவருக்குக் கைகூடியது. தம் மருந்தைத் தாமே சந்தேகித்ததால் அவர் பெயர் நிலைத்தது. கடைவீதிக்கு நடந்து போன அந்தப் பெண்ணைப் பார்த்து உலகம் மயங்கியபோது, மயங்காமல் நின்றவர்களில் அவரும் ஒருவர்!